மேசை பெண்பால், அலமாரி ஆண்பால்: தெரியுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் படித்து, ஒரு தடவையாவது மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத தமிழ்ப்பிள்ளை உண்டா? விடியற்காலையில் பள்ளி வாசலில் பஸ், மடியில் நாசி லெமாக் பொட்டலம், இரண்டு மணி நேரத்தில் பழைய போர்த்துகீசியக் கோட்டை. அங்கே பலகையில் என்ன எழுதியிருந்தது? 'ஏ ஃபமோசா'. ஆசிரியர் 'ஏ' என்றார், நாமும் 'ஏ' என்றோம். பரீட்சைத் தாளிலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

அது 'ஏ' இல்லை, தெரியுமா?

அது 'அ'! ஆங்கில எழுத்தும் இல்லை, 'ஒரு' என்ற பொருளும் இல்லை. போர்த்துகீசிய மொழியில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று "வருவது பெண்பால், ஒருமை, உங்களுக்குத் தெரிந்த ஒன்று" என்று கட்டியம் கூறும் சின்னஞ்சிறு சொல். அ ஃபமோசா என்றால் 'அந்தப் புகழ்பெற்றவள்'! கோட்டைக்கு அவர்கள் மொழியில் ஃபோர்த்தலேசா என்று பெயர், அது பெண்பால். ஆகவே கோட்டையின் புகழும் பெண்பால். கோட்டை ஆண்பாலாக இருந்திருந்தால் 'உ ஃபமோசு' என்றல்லவா பலகை வைத்திருக்க வேண்டும்!

1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார், கையோடு கோட்டையும் எழுந்தது. 1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1807இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்க்கத் தொடங்கினார்கள்; ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் குறுக்கே வந்ததால் ஒரே ஒரு வாசல் மட்டும் தப்பியது. மதில் போனது, பீரங்கி போனது, அந்த ஒற்றை எழுத்து 'அ' மட்டும் ஐந்நூறு ஆண்டுகளாக மலேசியப் பலகைகளில் அசையாமல் நிற்கிறது. அலோர் காஜாவில் இருக்கும் உல்லாச விடுதிக்காரர்கள் அதன் தலையில் ஒரு மேற்குறியையும் போட்டுவிட்டார்கள். இலக்கணத்துக்கு அது ஒட்டாது, ஆனால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அண்ணன் மகளால். கிள்ளானில் இருக்கிறாள், பதினாறு வயது, ரொனால்டோ பைத்தியம். கைப்பேசியில் போர்த்துகீசியம் படிக்க ஆரம்பித்தவள், வீடு முழுக்கச் சீட்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆண்பால் பொருளுக்கு நீலச் சீட்டு, பெண்பாலுக்குச் சிவப்பு. போன தீபாவளிக்கு அங்கே போனால், மேசையில் சிவப்பு, ஜன்னலில் சிவப்பு, சாவிக்கொத்தில் சிவப்பு, துவாலையில் சிவப்பு. அலமாரியில் நீலம். "சாமி அறைக் கதவையும் விட்டுவைக்கலை பாருங்க" என்று அண்ணி என்னிடம் முறையிட்டார். போய்ப் பார்த்தேன். சிவப்பு.

"அத்தை, மேசை பொம்பளையாம், அலமாரி ஆம்பளையாம். ஏன் அத்தை?"

எனக்கு எங்கே தெரியும்? ஆனால் அந்தச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் புல்லரித்தது. மேசை என்பது மேசா. ஜன்னல் என்பது ஜனெலா. துவாலை என்பது துவால்யா. அலமாரி என்பது அர்மாரியு. சாவி என்பது ஷாவ். அவள் சீட்டு ஒட்டிய பாதிப் பொருள்களுக்கு நாம் சொல்லும் பெயரே போர்த்துகீசியப் பெயர்தான்! மலாய்க்காரர்களும் விடவில்லை: மேஜா, ஜெண்டேலா, துவாலா, அல்மாரி. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கப்பலிலிருந்து சாமான் இறக்கியிருக்கிறோம்.

சாவியை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இன்று லிஸ்பனில் அதை 'ஷாவ்' என்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே அந்த முதலெழுத்து வல்லினச் சகரமாக, 'ச்சாவெ' என்றுதான் ஒலித்தது. அதனால்தான் மலையாளத்தில் சாவி, இந்தியில் சாபி. போர்த்துகீசியர்கள் தொலைத்துவிட்ட தங்கள் பழைய உச்சரிப்பை நம் வீட்டுச் சாவிக்கொத்தில் வந்து தேடலாம்!

சரி, சாமான் இறங்கியது. அதன் பால் எங்கே போனது? இதுதான் வேடிக்கை. கரை ஏறிய நிமிடமே கழற்றி எறிந்துவிட்டோம். தொல்காப்பியம் படித்த ஊரில் மேசைக்கு 'அவள்' போட முடியுமா? மனிதர், தேவர் என்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. ஜனெலா, மேசா, அர்மாரியு மூன்றும் நம் வாசலில் 'அது' என்ற ஒரே முத்திரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தன. மனிதரைக் குறித்த சொற்கள் மட்டும் தப்பித்தன. மெஸ்த்ரெ என்ற ஆண்பால் சொல் மேஸ்திரி ஆகி "மேஸ்திரி வந்தார்" என்று நடந்தது; ஆயா என்ற பெண்பால் சொல் ஆயாவாகவே வந்து "ஆயா வந்தாள்" என்று நின்றது. மலாய்க்காரர்களுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. அங்கே மேசைக்கும் பால் இல்லை, மேஸ்திரிக்கும் பால் இல்லை.

ஆனால் நாம் ரொம்பவும் பெருமைப்பட முடியாது. போர்த்துகீசியர் தலைகீழாக நம்மைப் பார்த்து வாய் பிளப்பார்கள். 'வந்தான், வந்தாள், வந்தது' என்று நம் வினைச்சொல்லுக்கு வால் உண்டல்லவா? அவர்கள் வினைக்கு அந்த வால் கிடையாது. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் அவர்களுக்கு 'வெய்யு' என்ற ஒரே சொல்தான். நாற்காலிக்குப் பால் பார்ப்பவர்கள் வருவது யார் என்று பார்ப்பதில்லை. வருவது யார் என்று பார்க்கும் நாம் நாற்காலியைச் சட்டை செய்வதில்லை!

நன்றி சொல்லும்போதுகூட அவர்களுக்குப் பால் உண்டு. ஆண் சொன்னால் 'ஒப்ரிகாது', பெண் சொன்னால் 'ஒப்ரிகாதா'. எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை, சொல்லும் வாய் யாருடையது என்பதே கணக்கு. குழந்தை என்ற சொல் ஆண் குழந்தைக்கும் பெண்பால்தான்: அ க்ரியான்சா. நாமும் "குழந்தை அழுகிறது" என்று அதை அஃறிணையில் தள்ளிவிடுகிறோமே, அதற்கு என்ன சொல்ல! நிலா அவர்களுக்குப் பெண், நம் சந்திரன் ஆண். குளிர்பெட்டி இருக்கிறதே, அது இன்னும் விசேஷம். போர்ச்சுகலில் அது 'உ ஃபிரிகொரிஃபிகு', ஆண்பால். பிரேசிலில் அதே பெட்டி 'அ ஜெலதெய்ரா', பெண்பால். அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் குளிர்பெட்டிக்குப் பால் மாறிவிடுகிறது! அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டியில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு சீட்டு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த உ, அ என்ற சுட்டுகளைப் பற்றி இன்னொன்று. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எழுத்தில் 'ஒ' போட்டாலும் அவர்கள் ஆண்பால் சுட்டை 'உ' என்றுதான் உச்சரிக்கிறார்கள். பெண்பால் 'அ'. லத்தீனில் 'அந்த' என்று பொருள்படும் இல்லும், இல்லாம் என்ற சொற்கள் தேய்ந்து தேய்ந்து லு, லா ஆகி, பிறகு தலையும் போய் உ, அ என்று நின்றன. இப்போது நம் சுட்டெழுத்துகள் என்னென்ன, சொல்லுங்கள்? அ, இ, உ! அப்பையன், இப்பையன் என்கிறோம். யாழ்ப்பாணத்தார் இன்றைக்கும் உவன், உது என்கிறார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, தற்செயல்தான். இதை வைத்து லிஸ்பன் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பில்லை. ஆனாலும் 'அந்த' என்று சொல்ல 'அ' போதும் என்று உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு மொழிகள் முடிவு செய்திருக்கின்றனவே!

'அ'வில் முடிந்தால் பெண்பால், 'ஒ'வில் முடிந்தால் ஆண்பால் என்று பாடம் தொடங்கும். அதை நம்பிப் போனால் முதல் வணக்கத்திலேயே அடி விழும். நாள் என்பதற்கு 'தியா' என்று பெயர், முடிவது 'அ'வில், ஆனால் ஆண்பால். அதனால்தான் 'போன் தியா' என்று வணக்கம் சொல்கிறார்கள், 'போவா தியா' என்று சொல்வதில்லை. அதே எழுத்துக்கூட்டில் மலாயில் ஒரு 'டியா' இருக்கிறதே, நினைவிருக்கிறதா? அவனுக்கும் டியா, அவளுக்கும் டியா. பால் வேறுபாட்டை அறவே துடைத்துப்போட்ட நம் ஊர்ச் சொல்லும், வேடம் போட்டுப் பாலை மறைக்கும் அவர்கள் ஊர்ச் சொல்லும் உரோமன் எழுத்தில் எழுதினால் அச்சு அசல் ஒன்றே! கிரேக்கத்திலிருந்து வந்த ப்ரொப்ளேமா, சிஸ்தேமா, கோள் என்று பொருள்படும் ப்ளனேத்தா எல்லாம் 'அ'வில் முடிந்தும் ஆண்பால். கை என்பது பெண்பால். பாட்டி, தாத்தா இருவருக்கும் 'அவோ' என்ற ஒரே சொல். கடைசி உயிரில் வாயைக் குவித்தால் தாத்தா, விரித்தால் பாட்டி. இருவரையும் சேர்த்துச் சொல்லும்போதோ பாட்டியின் விரிந்த உச்சரிப்பே ஜெயிக்கிறது. நூறு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் நின்றாலும் கூட்டம் முழுவதையும் ஆண்பாலாக்கும் மொழியில் பாட்டி மட்டும் எப்படியோ பிடித்து நின்றுவிட்டாள்.

சுட்டு மாறினால் பொருளே தடம் புரளும் சொற்களும் உண்டு. அ கபேசா என்றால் தலை, உ கபேசா என்றால் தலைவன். நமக்கு நெருக்கமான ஒன்று: அ கப்பித்தால் என்றால் தலைநகர், உ கப்பித்தால் என்றால் மூலதனம். கோலாலம்பூர் 'அ' கப்பித்தால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி 'உ' போட்டுவிட்டால், கோலாலம்பூர் ஒரு முதலீடு என்றாகிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளின் விலையைக் கேட்டவர்கள் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

இனி கிள்ளான் பசார் மாலாமுக்கு வாருங்கள். இரவு பத்து மணி, கடை கட்டும் நேரம், மிச்சச் சட்டைகளைக் குவித்துப் போட்டு "லேலோங்! லேலோங்! அஞ்சு வெள்ளி!" என்று கூவுகிறார்கள் அல்லவா? அந்த லேலோங் போர்த்துகீசிய லெய்லாவ்ங், ஏலம். நம் 'ஏலம்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. லெய்லாவ்ங் எங்கிருந்து வந்தது? அரபியிலிருந்து, அறிவிப்பு என்ற பொருளுள்ள சொல் 'அல்' என்ற சுட்டோடு சேர்ந்து ஐபீரியாவில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். அதாவது முதலில் நிற்கும் அந்த 'ல்' ஏலத்தின் சொந்தச் சொத்தே இல்லை, அரபிச் சுட்டின் மிச்சம்! மலாயில் லேலோங், மலையாளத்தில் லேலம். இருவரும் அந்த 'ல்'லைக் கட்டிக் காத்தார்கள். சொல்லின் தலையில் லகரம் நிற்கப் பொறுக்காத தமிழ் அதைத் தட்டிவிட்டது. லேலம் ஏலமாயிற்று. தெரியாமலே ஓர் அரபிச் சுட்டைக் கழற்றிப் போட்ட மொழி நம்முடையது!

சுட்டு இப்படி ஒட்டிக்கொள்வது அங்கே ஒன்றும் புதிதில்லை. அரிசிக்கு அரோஸ், சர்க்கரைக்கு அசூகார், பருத்திக்கு அல்கொதாவ்ங்; எல்லாவற்றின் தலையிலும் அதே அரபி 'அல்' வேடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அவற்றுக்கும் முன்னால் இன்னொரு 'உ' வேறு போட்டுப் பேசுகிறார்கள், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டதுபோல. போர்ச்சுகலின் துறைமுக நகருக்கு 'உ போர்த்து' என்று பெயர், பொருள் 'அந்தத் துறைமுகம்'. ஆங்கிலேயர்கள் சுட்டையும் பெயரையும் சேர்த்து விழுங்கி நெடுங்காலம் 'ஒப்போர்ட்டோ' என்றே எழுதினார்கள். மொரீஷியஸ் தீவில் நம் தமிழர்களும் பேசும் கிரியோல் மொழியில் வீட்டுக்கு 'லகாஸ்', மேசைக்கு 'லதாப்'. இரண்டிலும் முதலில் இருப்பது பிரெஞ்சுச் சுட்டு.

குடும்பப் பெயருக்குள்ளேயே பால் ஒளிந்திருக்கிறது, அதுவாவது தெரியுமா? 'த குரூஸ்' என்பதில் 'த' என்பது உண்மையில் 'தெ'யும் 'அ'வும் புணர்ந்தது: சிலுவையின். சிலுவை பெண்பால். 'து ரொசாரியு' என்பதில் 'தெ'யும் 'உ'வும்: செபமாலையின். அது ஆண்பால். தூத்துக்குடிக் கரையிலிருந்து மலாக்கா வரை இந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் எத்தனை பேர்! புடு பக்கத்தில் தமிழ்ப் பூசை நடக்கும் அந்தோணியார் கோயிலின் அந்தோணியாரும் பதுவா நகரில் பிறந்தவர் இல்லை, லிஸ்பனில் பிறந்தவர். அவருக்கு அங்கே 'சாந்து அந்தோனியு' என்று பெயர். பவுலுக்கோ 'சாவ்ங் பாவ்லு'. உயிரெழுத்துக்கு முன்னால் சாந்து, மெய்க்கு முன்னால் பெரும்பாலும் சாவ்ங். ஓர் ஊர், ஒரு மரம் என்று நம் வாத்தியார் பிரம்பு எடுத்த அதே விதி!

கப்பலையும் சொல்லிவிடுகிறேன். மலாக்கா ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறதே, ஃப்ளோர் து மார், 'கடலின் மலர்'. மலாக்காவில் அள்ளிய செல்வத்தோடு 1511 முடிவதற்குள் சுமத்ரா அருகே மூழ்கிய கப்பலின் மாதிரி அது. பழைய ஏடுகளில் அதன் பெயர் 'ஃப்ரோல் தெ லா மார்'. அங்கே கடலுக்கு முன்னால் இருப்பது 'லா', பெண்பால்! இன்று 'து', ஆண்பால். கப்பல் கடலடியில் கிடக்க, மேலே அதன் பெயரில் கடலே பால் மாறிவிட்டது.

மலாக்காவிலேயே, உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் இன்னும் கிரிஸ்தாங் மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்த்துகீசியத்தின் நேர் வாரிசு. ஆனால் அந்த உ, அ இரண்டும் அதில் காணாமல் போய்விட்டன! அவனுக்கும் அவளுக்கும் 'எலி' என்ற ஒரே சொல். அண்ணன் தம்பி 'இர்மாங் மச்சு', அக்காள் தங்கை 'இர்மாங் ஃபெமி'. தேவைப்பட்டால் ஆண், பெண் என்று பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். பன்மைக்கு மலாய் பாணியில் சொல்லை இரட்டிக்கிறார்கள். அக்கம்பக்கத்து மலாய் ஐந்நூறு ஆண்டுகளில் மேசைக்கு இருந்த பெண்மையை நிதானமாகக் கழுவி எடுத்துவிட்டது.

நம் ஆட்கள் இதையெல்லாம் எப்போது கவனித்தார்கள்? 1554இல்! லிஸ்பனில் தமிழும் போர்த்துகீசியமும் சேர்த்து ஒரு ஞானோபதேச நூல் அச்சானது. தமிழ், உரோமன் எழுத்தில். இந்திய மொழி ஒன்று அச்சேறியதில் மிகப் பழையது அது. அதற்கு உழைத்த தமிழர் மூவரில் ஒருவர் பெயர் தோமா த குரூஸ். பார்த்தீர்களா, அதே 'த'! முத்துக்குளித்துறையில் இருந்த அன்றீக் அடிகளார் 1549 வாக்கிலேயே போர்த்துகீசியர்களுக்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாவ்ங் தெ ப்ரொஎன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வெளிவந்தது. அதற்குப் பிறகு வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி தூங்கிக் கிடந்தது.

அதை எழுப்பிக் கொண்டுவந்து மறுபடியும் வெளியிட்டது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? சென்னையா? லிஸ்பனா? கோலாலம்பூர்! 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையிலிருந்து தனிநாயகம் அடிகளார் அதைப் பதிப்பித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் இந்நகரில் கூட்டினார் என்பது எல்லாருக்கும் தெரியும். அகராதியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் அச்சுக்குத் தயாரான புத்தகம்! மாநாட்டைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்துவிட்டது. இதற்கு ஒன்றாவது வரட்டும் என்றுதான் நானும் மூச்சிரைக்க எழுதுகிறேன்.

போன பள்ளி விடுமுறையில் அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு மலாக்காவுக்குப் போனேன். தப்பிப் பிழைத்த அந்த வாசலுக்குப் 'போர்த்தா தெ சந்தியாகு' என்று பெயர். வெயில் மண்டையைப் பிளந்தது. பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"போர்த்தாவுக்குச் சிவப்பு, சந்தியாகுவுக்கு நீலம். ரெண்டும் வேணும் அத்தை."

"ஏய், சும்மா இரு. அங்கே காவலாளி பார்க்குது."

திரும்பிப் பார்த்தாள். மர நிழலில், தலையில் துடோங்கும் மார்பில் விசிலுமாக ஓர் அம்மா எங்களையே முறைத்துக்கொண்டு நின்றார். காவலாளிக்கு அவர்கள் மொழியில் 'குவார்தா'. ஆணுக்கும் அதே சொல், பெண்ணுக்கும் அதே சொல், முன்னால் நிற்கும் சுட்டு ஒன்றுதான் வித்தியாசம் காட்டும்.

"அ குவார்தா" என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டு, சிவப்புச் சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.